இடைவேளை இல்லாத நாடகமும் ஐந்நூறு வடையும்

1. நாடகத்தைக் கேளு

புனேயில் ஒரு நாடக அரங்கத்தில் கேன்டீன் நடத்தியவள் நான். தியேட்டரில் வேலை என்று சொன்னால் ஊர்ப்பக்கத்துச் சொந்தக்காரர்கள், "அப்ப தெனமும் ஓசியில படம் பாப்பியே" என்பார்கள். சினிமா இல்லை சாமி, மேடை நாடகம். சனி, ஞாயிறு சாயங்காலம் புனேக்காரர்கள் இஸ்திரி போட்ட துணியில் குடும்பத்தோடு வந்து, மராட்டி நாடகம் பார்த்து, இடைவேளையில் பட்டாட்டா வடை, அதாவது நம்ம உருளைக்கிழங்கு போண்டா, தின்று, டீ குடித்துவிட்டுப் போவார்கள். நாடகம் சுமார் என்றால் மன்னித்துவிடுவார்கள். வடை ஆறியிருந்தால் மட்டும் மன்னிப்பு கிடையாது.

இப்போது கேட்டரிங் படித்துவிட்டு வருகிற பிள்ளைகள், "ஆன்ட்டி, ஐந்நூறு பேருக்கு ஒரே நேரத்துல எப்படிச் சூடா குடுப்பீங்க?" என்று கேட்கிறார்கள். மெஷின் ஏதோ வைத்திருந்தேன் என்று நினைப்பு போல. மெஷினும் இல்லை, மந்திரமும் இல்லை. காது இருந்தது.

அப்பாவுக்குத் தூத்துக்குடிப் பக்கம். நான் பிறந்தது, வளர்ந்தது, கல்யாணம் கட்டி வந்தது எல்லாம் புனேயின் போபோடிச் சந்துகளுக்குள்தான். வீட்டில் தமிழ், தெருவில் மராட்டி, சண்டைக்கு இந்தி. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கேன்டீனில் உருளைக்கிழங்கு உரிக்கிற வேலைக்குச் சேர்ந்தேன். அப்போது காண்டிராக்ட் எடுத்திருந்தவர் தாமுகாக்கா என்று ஒரு பெரியவர். முதல் நாள், மசாலா உருண்டை எல்லாம் தயாராக இருக்கிறதே என்று ஒன்றை எடுத்துக் கடலைமாவில் முக்கப் போனேன். பாய்ந்து வந்து என் கையைப் பிடித்துவிட்டார்.

"முதல்ல நாடகத்தைக் கேளு" என்றார்.

கேன்டீன் சுவரில் தூசி படிந்த ஒரு ஸ்பீக்கர் இருந்தது. மேடையில் பேசுவது அப்படியே அடுப்படிக்கு வரும். ஒவ்வொரு நாடகத்துக்கும் எங்களுக்கு ஒரு வசனம் உண்டு. ஒரு குடும்ப நாடகத்தில் மாமியார், "என் பல்செட் எங்கே?" என்று கத்துவாள். அந்த நிமிஷம் முதல் வடை எண்ணெயில் விழ வேண்டும். மருமகள் தேடி, மகன் தேடி, பல்செட் நாய் வாயில் இருக்கிறது என்று தெரிந்து, திரை விழும்போது வடை பொன்னிறத்தில் தட்டில் இருக்கும். மாமியார் கத்துவதற்கு முன்னால் போட்டால் ஆறிப்போகும். கத்தி முடித்த பிறகு போட்டால் பாதிப் பேர் வடை கிடைக்காமல் சபித்துக்கொண்டே உள்ளே போவார்கள்.

அதனால் புது நாடகம் எது வந்தாலும் கேன்டீனிலிருந்து ஒரு ஆள் போய் நாடகக்காரர்களிடம் கேட்டுக்கொண்டு வர வேண்டும், இடைவேளைக்கு முன்னால் வரும் வசனம் எது என்று. அது எங்கள் தொழிலின் அரிச்சுவடி. எத்தனையோ நாடகம் இப்படிக் காதால் கேட்டிருக்கிறேன். ஒன்றைக்கூட உட்கார்ந்து முழுசாகப் பார்த்தது கிடையாது.

2. காளே சாஹேபும் அவர் போர்டுகளும்

அரங்கத்தின் மேனேஜர் காளே சாஹேப். வாயால் அதிகம் பேச மாட்டார். சொல்ல வேண்டியதை எல்லாம் பெயின்டரை வைத்து போர்டில் எழுதி மாட்டிவிடுவார். ஹாலுக்குள், "முன் சீட்டில் காலை வைக்காதீர்கள். அது உங்கள் வீட்டு ஸ்டூல் அல்ல." கைக்குழந்தையோடு வரும் தாய்மார்கள் உட்கார்ந்து பார்க்க, ஹாலின் பின்பக்கம் கண்ணாடி போட்ட அறை ஒன்று உண்டு. அதன் மேல், "அழும் குழந்தைகளுக்கு மட்டும். அழும் பெரியவர்கள் தங்கள் இருக்கையிலேயே அழவும்." கேன்டீன் வாசலில், "வடை சூடாகத்தான் இருக்கும். நாக்கைச் சுட்டுக்கொண்டால் நிர்வாகம் பொறுப்பல்ல."

அதற்குப் பக்கத்தில் இன்னொரு போர்டு. அதுதான் எங்களுக்குச் சட்டம். "மேடையில் திரை மேலே இருந்தால், கேன்டீன் ஷட்டர் கீழே இருக்க வேண்டும்." நாடகம் ஓடும்போது ஒரு கட்டிங் சாய், அரை டம்ளர் டீகூட விற்கக் கூடாது. ஒரு முறை தாமுகாக்கா போலீஸ்காரருக்கு என்று ஷட்டரை அரையடி தூக்கினார். ஒரு மாதம் காளே சாஹேப் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

தாமுகாக்காவுக்கு முழங்கால் போனதும் காண்டிராக்ட் யாருக்கு என்று பேச்சு வந்தது. கேட்டுக்கு வெளியே வடாபாவ் வண்டி போட்டிருந்த சுபாஷ் என்பவர் எப்போது இடம் காலியாகும் என்று நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றார். நான் துணிந்து போய்க் கேட்டேன். காளே சாஹேப் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"எமிலிதாயி" என்றார். தாயி என்றால் மராட்டியில் அக்கா. "மழைக்காலம் முடிகிற வரைக்கும் நடத்திப் பார். ஒரு புகார் வரக்கூடாது. வந்தால் சுபாஷுக்கு."

சுபாஷ் விடுவாரா? "மத்ராஸி பொம்பளை போடுற பட்டாட்டா வடையா? உள்ள இட்லி இருக்கும் பாருங்க" என்று வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் சொல்லிச் சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இத்தனை வருஷம் அடுத்தவர் கடாய் முன்னால் நின்று வெந்தவள் நான். எனக்கென்று ஒரு கடாய் வேண்டும் என்று எவ்வளவு ஆசை இருந்தது என்று எனக்குத்தான் தெரியும். என் வீட்டுக்காரர் செல்வராஜ் பாக்டரி ஷிப்ட் முடிந்து வந்து கேட்டுவிட்டு ஒரே வார்த்தையில் முடித்தார்.

"ஆசப்பட்டுட்ட, செஞ்சு பாரு. விழுந்தா புடிக்க நான் இருக்கேம்லா."

மழைக்காலம் முழுக்க ஒரு புகார் இல்லை. கடைசி ஞாயிற்றுக்கிழமை மட்டும் பாக்கி. அன்றைக்குப் பார்த்துத் தமிழ் நாடகம்.

3. தமிழ்தானே, உங்களுக்கே புரியும்

புனேத் தமிழர்கள் சேர்ந்து ஒரு மன்றம் வைத்திருந்தார்கள். வருஷத்துக்கு ஒரு முறை மெட்ராஸிலிருந்து நாடகக் குழுவை வரவழைப்பார்கள். மன்றத்துச் செயலாளர் பழனிசாமி, கோயமுத்தூர்க்காரர், சாங்வியில் வீடு. முதல் தடவையாக எங்கள் அரங்கத்தை எடுத்திருந்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சர்ச் வாசலில் நின்று ஒவ்வொருவரையும் பிடித்துச் சொன்னேன், "நம்ம நாடகம், என் கேன்டீன், கண்டிப்பா வந்திரணும்" என்று. எங்கள் சபை கிரேஸ் அத்தை, "நாடகம் என்னவும் இருக்கட்டும்ட்டி, வடைக்காகவாவது வாரேன்" என்றாள்.

சாப்பாட்டைப் பற்றிப் பேச பழனிசாமி தன் வீட்டில் ஒரு கூட்டம் போட்டார். அடடா, அது கூட்டமா, பார்லிமென்டா? கம்ப்யூட்டர் வேலைக்குப் புதிதாக வந்து கோந்த்வாவில் ரூம் எடுத்திருந்த பையன்கள், "மெதுவடை, சாம்பார். இல்லேன்னா நாங்க டிக்கெட் எடுக்க மாட்டோம்" என்றார்கள். கட்கிப் பக்கத்துப் பழைய குடும்பங்கள், "புனே தியேட்டர்ல பட்டாட்டா வடை இல்லாம அது என்ன நாடகம்?" என்றார்கள். தேங்காய்ச் சட்னியா, பூண்டுச் சட்னியா என்று தனியாக ஒரு சண்டை. காபி டிக்காஷன் எந்த ஊர்ப் பொடி என்று இன்னொன்று. கடைசியில் பழனிசாமி கையெடுத்துக் கும்பிட்டார்.

"ஏனுங்க, பட்டாட்டா வடையும் இருக்கட்டும், இட்லி சாம்பாரும் இருக்கட்டும். அக்கா ரெண்டும் போட்டுருவாங்க. இதோட விட்டுருங்க சாமி."

எல்லாரும் கலைந்த பிறகு நான் பழனிசாமியிடம் கேட்டேன். "தம்பி, நாடகக்காரங்க கிட்ட அந்த வசனத்தைக் கேட்டுச் சொல்லுங்க. வடை போடுறதுக்கு."

அவர் சிரித்தார். "மராட்டி நாடகம்னா சரிங்க. இது தமிழ் நாடகமுங்க்கா. கேட்டுட்டே இருந்தீங்கன்னா உங்களுக்கே புரிஞ்சிராதுங்களா?"

அட, ஆமாம் என்று எனக்கும் தோன்றியது. நம்ம பாஷை. மராட்டியிலேயே பல்செட்டைக் கண்டுபிடிக்கிறவளுக்குத் தமிழில் ஒரு ஆள் வந்து சொல்லித்தர வேண்டுமா? சிரித்துக்கொண்டே வந்துவிட்டேன். சட்னியைப் பற்றி அத்தனை நேரம் அடித்துக்கொண்ட நாங்கள் யாருமே கேட்காத கேள்வி ஒன்று இருந்தது. அது எங்களுக்கு ஞாயிற்றுக்கிழமைதான் தெரிந்தது.

4. ஸ்பீக்கரில் தமிழ்

அன்றைக்கு அரங்க வாசலில் பூவும் பட்டுப்புடவையுமாக ஒரே நம்ம ஜனம். "எப்ப வந்தீங்க?", "பையன் எந்த கம்பெனி?" என்று ஒரே சத்தம். மராட்டி நாடகத்துக்கு இரண்டாவது மணி அடிக்கும்போதே எல்லாரும் சீட்டில் இருப்பார்கள். இவர்கள் மூன்றாவது மணி அடித்த பிறகும் வாசலில் நலம் விசாரித்துக்கொண்டு நின்றார்கள். காளே சாஹேப் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், ஜனத்தைப் பார்த்தார், மறுபடி கடிகாரத்தைப் பார்த்தார்.

ஒருவழியாக விளக்கு அணைந்தது. சுவர் ஸ்பீக்கரில், "அனைவருக்கும் வணக்கம்" என்று ஒரு குரல் வந்தது. எனக்குப் புல்லரித்துப்போயிற்று. அத்தனை வருஷம் அந்த ஸ்பீக்கரில் மராட்டியைத் தவிர வேறு எதுவும் கேட்டதில்லை. எங்கள் அடுப்படிக்குள் என் அப்பா பேசின பாஷை வந்து நிற்கிறது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. என்னோடு வேலை பார்த்த சாந்தாபாய், வெங்காயம் என்று நினைத்து முந்தானையை நீட்டினாள்.

நாடகம் நல்ல காமெடி. பரமசிவம் என்று ஒரு தகப்பன். ஒரே நாளில் இரண்டு மாப்பிள்ளை வீட்டாரைப் பெண் பார்க்க வரச் சொல்லிவிட்டு முழிக்கிறார். ஒரு கூட்டத்தை ஹாலில் உட்கார வைத்து, இன்னொரு கூட்டத்தை மொட்டை மாடிக்கு அனுப்பிவிட்டு, கேசரித் தட்டோடு மேலும் கீழுமாக ஓடுகிறார். குழுத் தலைவர் கஜபதி சார்தான் பரமசிவம். நானும் சாந்தாபாய்க்கு மராட்டியில் சொல்லிச் சொல்லிச் சிரித்துக்கொண்டே உருண்டை பிடித்தேன்.

ஒரு கட்டத்தில் பெண்டாட்டியாக நடிக்கிற அம்மா அலறினாள். "என்னங்க, மாடியில இருக்கிறவங்க கீழ இறங்கி வர்றாங்க!"

இதுதான் இடம் என்று என் மனசு அடித்துச் சொன்னது. இதற்கு மேல் எவன் தாங்குவான்? இரண்டு சம்பந்தியும் மாடிப்படியில் முட்டிக்கொள்ள வேண்டும், திரை விழ வேண்டும்.

"டாக்!" என்றேன் சாந்தாபாயிடம். போடு. இரண்டு கடாயிலும் வடை விழுந்தது. எண்ணெய் குதித்தது. ஸ்பீக்கரில் இசை வந்தது, மேடையில் விளக்கு அணைந்திருக்க வேண்டும். நான் ஷட்டர் சங்கிலியில் கை வைத்தேன். மணி அடிக்கும், தூக்க வேண்டும்.

மணி அடிக்கவில்லை.

இருட்டு போய் மறுபடி வெளிச்சம் வந்தது போலிருக்கிறது. ஸ்பீக்கரில் பரமசிவம், "வாங்க வாங்க, நீங்கதான் சமையல்காரரா?" என்று அடுத்த காட்சியை ஆரம்பித்துவிட்டார். சாந்தாபாய் என்னைப் பார்த்தாள். "தாயி, இன்டர்வல் குடே?" என்றாள். இடைவேளை எங்கே?

முதல் ஈடு வடை பொன்னிறமாகி ஜல்லிக்கரண்டியில் ஏறுகிறது, நாடகம் பாட்டுக்கு ஓடுகிறது. "அடுப்பைக் குறை, மிச்ச உருண்டையைத் தொடாதே" என்று சொல்லிவிட்டு மேடைக்குப் பக்கவாட்டில் ஓடினேன். அவசரத்தில் கேன்டீன் கதவைச் சாத்தவில்லை. காரிடாரில் இருந்த ஹால் கதவையும் யாரோ திறந்துதான் வைத்திருந்தார்கள்.

மேடை ஓரத்தில் திரைக்குப் பின்னால் பழனிசாமி கையில் சால்வையோடு நின்றார்.

"தம்பி, இடைவேளை எப்ப?" என்று கிசுகிசுத்தேன்.

"இடைவேளையா? இவங்க நாடகத்துல அது கெடையாதுங்க்கா. மெட்ராஸ்ல இப்பெல்லாம் ஒரே மூச்சா போட்டு முடிச்சிர்றாங்களாம். சனங்க பஸ்ஸைப் புடிக்கோணுமில்லீங்க?"

"அடப்பாவி மனுஷா! இத ஒரு வார்த்தை சொல்லப்படாதா?"

"நீங்க கேக்கலீங்களே அக்கா" என்றார், பச்சைக் குழந்தை மாதிரி.

நியாயம்தான். நாடகம் என்றால் இடைவேளை இருக்கும் என்பது புனேயில் பிறந்த எனக்கு, சூரியன் கிழக்கே உதிக்கும் என்பது போல. இல்லாத ஒன்றைப் பற்றி யார் சொல்லுவார்கள் என்பது அவருக்கு. இருக்கிறதைப் பற்றி யார் கேட்பார்கள் என்பது எனக்கு. இந்த லட்சணத்தில் தமிழ்தானே, புரியும் என்று பேசிக்கொண்டோம்.

அப்போது வேட்டி மாற்ற கஜபதி சார் மேடையிலிருந்து உள்ளே வந்தார். வந்தது வரட்டும் என்று குறுக்கே போய் நின்றேன்.

"ஐயா, நான் கேன்டீன். ஒரு பத்து நிமிஷம் இடைவேளை விடுங்க. உங்களுக்குப் புண்ணியமா போகும்."

அவர் இடுப்பில் வேட்டியைச் சுற்றிக்கொண்டே, "அம்மா, காமெடி ஓடிட்டு இருக்கு. நடுவுல விட்டா சிரிப்பு ஆறிப்போயிடும்" என்றார்.

"வடையும் ஆறிப்போயிடும் ஐயா!"

என்னை ஒரு மாதிரி பார்த்தார். அதற்குள் அவர் உள்ளே போக வேண்டிய இடம் வந்துவிட்டது. போய்விட்டார்.

5. ஷட்டருக்கு வெளியே ஐந்நூறு பேர்

நான் கேன்டீனுக்குத் திரும்பி வருவதற்குள் மேடையில் மறுபடி ஒரு இருட்டு. காட்சி மாறுகிற சின்ன இருட்டுத்தான். ஆனால் இந்த முறை, நான் திறந்து போட்ட கதவுகள் வழியாக வடை மணம் ஹாலுக்குள் நிறைந்து நின்றது. கட்கிப் பக்கத்துப் பழைய ஆட்களை யோசித்துப் பாருங்கள். புனே நாடகக் கொட்டகை, இருட்டு, வடை மணம். மூன்றும் சேர்ந்தால் என்ன அர்த்தம் என்று அவர்களுக்குச் சின்ன வயதிலிருந்து தெரியும். ஹாலில் மடக்குச் சீட்டுகள் டப்டப்பென்று மடங்குகிற சத்தம் கேட்டது. முதலில் எழுந்தது கிரேஸ் அத்தைதான் என்று பிறகு எல்லாரும் சத்தியம் செய்தார்கள். அவள் எழுந்ததும் அந்த வரிசை எழுந்தது. கோந்த்வாப் பையன்கள் என்ன ஏது என்று தெரியாமலே பின்னால் வந்தார்கள்.

நான் பக்கக் கதவு வழியாக உள்ளே நுழைந்தபோது ஷட்டருக்கு வெளியே ஜனக் கடல். தகரத்தைத் தட்டுகிறார்கள். "ஏன் இன்னும் தொறக்கல?" "ரெண்டு பிளேட் வடை!" "சாம்பார் இருக்கா?" அந்தக் கூட்டத்துக்கு நடுவில், அவருடைய போர்டுக்கு நேர் கீழே, காளே சாஹேப் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். திரை மேலே இருந்தால் ஷட்டர் கீழே. கேட்டுக்கு அந்தப் பக்கம் சுபாஷ் எட்டி எட்டிப் பார்க்கிறார்.

பழனிசாமி ஓடி வந்தார். "அக்கா, தொறந்து குடுத்துருங்க்கா. மன்றத்து மானம் போகுதுங்க."

சாந்தாபாய் சங்கிலியில் கை வைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தாள். தட்டில் வடை ஆறிக்கொண்டிருந்தது. தூக்கினால் எல்லாம் விற்றுப்போகும், ஜனம் சந்தோஷப்படும், காண்டிராக்ட் போய்விடும். தூக்காவிட்டால் வடை கல்லாகும், நம்ம ஜனமே என்னைப் பற்றிப் புகார் சொல்லும், அப்போதும் காண்டிராக்ட் போய்விடும். எப்படிப் பார்த்தாலும் எனக்குப் பட்டை நாமம்தான். ஆண்டவரே என்று கண்ணை மூடினேன்.

அப்போது ஸ்பீக்கரில் கஜபதி சார் குரல் கேட்டது. தகப்பன் தனியாக உட்கார்ந்து மகளைப் பற்றிப் பேசுகிற இடம். நல்ல வசனம். ஒரு இருமல்கூட இல்லை, ஒரு சிரிப்பு இல்லை. யாரும் இல்லாத நாற்காலிகளைப் பார்த்து அந்த மனிதர் தமிழ் பேசிக்கொண்டிருக்கிறார். என் வடையால் வந்த வினை. காண்டிராக்ட் எக்கேடாவது கெட்டுப் போகட்டும் என்று ஜல்லிக்கரண்டியைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

"எல்லாரும் உள்ள போங்க!" என்று கத்தினேன். "இது இடைவேளை இல்ல! நாடகம் ஓடுது! அங்க மனுஷன் தனியா பேசிட்டு இருக்கார்!"

கிரேஸ் அத்தை முன்னால் வந்தாள்.

"ஏட்டி எமிலி, மணத்த மட்டும் அனுப்பிட்டு வடைய ஒளிச்சா வச்சிருக்க?"

"அத்தை, ஒங்க கால்ல விழுதேன். உள்ள போங்க. வடை எங்கயும் ஓடிராது."

"ஆறிப்போகும்லாட்டி?"

"ஆறட்டும்! நாடகம் மொதல்ல!"

இதை நான்தான் சொன்னேனா என்று எனக்கே ஆச்சரியம். அத்தை என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "கரண்டிய இறக்குட்டி, போறோம்" என்று திரும்பினாள். அவள் திரும்பினதும் பின்னால் நின்றவர்களும் முணுமுணுத்துக்கொண்டே ஹால் பக்கம் நகர ஆரம்பித்தார்கள். காளே சாஹேப் அசையவில்லை. தமிழ் ஒரு எழுத்துக்கூடத் தெரியாது அவருக்கு. ஆனால் கரண்டி என்ன சொல்லிற்று என்று புரிந்திருக்கும்.

முதல் பத்துப் பேர் உள்ளே போயிருப்பார்கள். ஸ்பீக்கரில் பரமசிவம் திடீரென்று பெண்டாட்டியைக் கூப்பிட்டார்.

"அடியே, இங்க வா! நாம என்னடான்னா ரெண்டு சம்பந்திய எப்படித் துரத்துறதுன்னு முழிச்சிட்டு இருக்கோம். வடை வாசனை ஒண்ணு வந்தது பாரு, வந்த அத்தனை பேரும் தானா எழுந்து போயிட்டாங்க! இப்படிப்பட்ட வடைய நாம சாப்பிடாம இருக்கலாமா? பத்து நிமிஷம் கழிச்சு வந்து கல்யாணத்தப் பேசிக்கலாம். போடுறா திரைய!"

ஹாலுக்குள் இருந்த கொஞ்ச நஞ்சப் பேரும், காரிடாரில் நின்றவர்களும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கைத்தட்டல் ஓயவில்லை.

காளே சாஹேப் என் பக்கம் திரும்பினார். "என்ன சொன்னார்?"

மராட்டியில் சொன்னேன். அவர் ஹால் கதவு வழியாக மேடையை எட்டிப் பார்த்தார். திரை கீழே விழுந்திருந்தது. நேராகப் போய் அவரே மணியை அடித்தார். திரும்பி வந்து ஷட்டரை விரலால் காட்டி, "உகட்" என்றார். திற.

சாந்தாபாய் சங்கிலியை இழுத்த வேகத்தில் ஷட்டர் மேலே போய் இடித்தது.

மிச்ச உருண்டைகள் சூடான எண்ணெயில் விழுந்தன. ஆறிப்போன முதல் ஈட்டைத்தான் என்ன செய்வது என்று தெரியவில்லை. ஒரு கோந்த்வாப் பையன், "அதை சாம்பார்ல போட்டுக் குடுங்கக்கா" என்றான். கொதிக்கிற சாம்பாரில் பட்டாட்டா வடையை முக்கிக் கொடுத்தேன். கட்கிக்காரர்கள் முகத்தைச் சுளித்துக்கொண்டே வாங்கினார்கள். பிறகு இரண்டாவது தடவை வரிசையில் வந்து நின்றதும் அவர்கள்தான். சட்னிக்காக அடித்துக்கொண்டவர்கள் ஒரே தொன்னையில் தின்றார்கள். கிரேஸ் அத்தை, "இது நல்லாத்தாம்ட்டி இருக்கு" என்றாள். அத்தை வாயில் அது பெரிய பாராட்டு.

நாடகம் முடிந்து கஜபதி சார் மேக்கப்பைக்கூடக் கலைக்காமல் கேன்டீனுக்கு வந்தார். நான் திட்டு வாங்கத் தயாராக நின்றேன்.

"அம்மா, நான் எத்தனையோ ஊர்ல ஆடியிருக்கேன்" என்றார். "மழை பேஞ்சு கூட்டம் கலைஞ்சிருக்கு, கரென்ட் போய்க் கலைஞ்சிருக்கு. வடை வாசனைல என் ஹவுஸ் காலியானது இதுதான் முதல் தடவை. எங்க, எனக்கு ரெண்டு குடுங்க, அப்படி என்னதான் இருக்குன்னு பாக்கறேன்."

நாலு தின்றார்.

6. திங்கட்கிழமை

காளே சாஹேப் அன்றைக்கு என்னிடம் சொன்னது ஒன்றுதான். "நாளைக்குக் காலையில் வா." முகத்தில் ஒரு குறிப்பும் இல்லை. செல்வராஜ், "விழுந்தா புடிக்கிறேன்னு சொன்னம்லா, பெறவு என்ன?" என்று தேற்றினார். எனக்கு ஒன்றும் காதில் ஏறவில்லை.

காலையில் போனேன். கேன்டீன் வாசலில் பெயின்டர் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து புது போர்டு ஒன்றை எழுதி முடித்துக்கொண்டிருந்தார். பெயின்ட் இன்னும் காயவில்லை. மராட்டியில் இருந்ததைத் தமிழில் சொல்கிறேன்.

"நாடகக் குழுவினருக்கு: உங்கள் இடைவேளை எப்போது என்பதைக் கேன்டீனில் முதலில் சொல்லவும். இடைவேளையே இல்லை என்பவர்கள், பார்வையாளர்கள் எழுந்து போனால் வருந்தக் கூடாது. கேன்டீன் காண்டிராக்டர்: எமிலி செல்வராஜ்."

கடைசி வரியை மறுபடி மறுபடி வாசித்தேன். அப்புறம் அங்கேயே நின்று அழுதுவிட்டேன். வெட்கமாகத்தான் இருந்தது, அடக்க முடியவில்லை.

காளே சாஹேப் வெளியே வந்து பார்த்தார். "அழும் பெரியவர்கள் தங்கள் இருக்கையிலேயே அழவும்" என்றார். பிறகு கொஞ்சம் குரலை இறக்கினார். "நேற்று நீ அந்த ஷட்டரைத் தூக்கியிருந்தால், இந்த போர்டில் சுபாஷ் பேர் இருந்திருக்கும். போ, உருளைக்கிழங்கு வந்திருக்கிறது."

அந்தக் கடாயைப் பிறகு நெடுநாள் நான்தான் ஆண்டேன். மெஷின் கேட்கிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். தெரியாத ஆட்களிடம் எல்லாரும் கேட்டுத் தெரிந்துகொள்வார்கள். நம்ம ஆள், நம்ம பாஷை என்று வரும்போதுதான் கேட்காமல் விட்டுவிடுவோம். அடி விழுவதும் அங்கேதான்.

சில வருஷம் கழித்து கஜபதி சார் குழு இன்னொரு நாடகத்தோடு வந்தது. வேனிலிருந்து செட் சாமான் இறங்குவதற்கு முன்னால் அவர் நேராக என் அடுப்படிக்குள் வந்தார்.

"அம்மா, வேலைக்காரன் 'பால் பொங்குது'ன்னு கத்துவான். அதுதான் உங்க வசனம். அது முடிஞ்சதும் இடைவேளை. எழுதிச் சேர்த்துட்டேன். தமிழ்தான், உங்களுக்கே புரியும்."

"அதெல்லாம் புரியாதுய்யா" என்றேன். "இன்னொரு தடவ சொல்லுங்க."